காலியாக விட்ட இனிஷியல்

ஆங்கில எழுத்துகளில் 'ஏ'வுக்கு முன்னால் எதுவும் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். உண்டு என்று கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தது. எழுத்தே இல்லாத வெற்றிடம் 'ஏ'வுக்கும் முன்னால் வரும். ஆட்களை இனிஷியல் வரிசையில் அடுக்கச் சொன்னால், இனிஷியல் இல்லாதவன் முதல் ஆளாக வந்து நிற்பான். இதை நான் பாடமாகப் படித்தது 1971இல். ஓர் ஆள் அப்படி நின்றதைப் பார்த்தது 1974, ஆடி மாதம்.

எங்கள் ஆலை கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டி இருந்தது. இரும்புக் கம்பி உருட்டும் ஆலை. அறுபதுகளின் கடைசியில் நெல் வயல்களை வாங்கிக் கட்டினார்கள். வாங்கும்போது நிலத்துக்காரர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்கள். நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை. ஆரம்ப வருடங்களில் உலை வாயில் நிற்க ஆள் கிடைக்காததால் ஒருவருக்கு இருவராக வந்தாலும் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை.

நான் பொன்னேரியிலிருந்து காலைப் பாசஞ்சரில் வருவேன். ஆலையில் இரண்டு புரோகிராமர்கள் இருந்தோம், நானும் என்னைவிட நான்கு வயது இளைய ஒருவரும். கம்ப்யூட்டர் ஆலையில் இல்லை. சென்னையில் ஒரு கம்பெனியிடம் செவ்வாயும் வெள்ளியும் வாடகைக்கு நேரம் எடுத்திருந்தோம். தொழிலாளிகளின் விவரங்களை ஆலையில் அட்டைகளில் துளையிட்டு, பெட்டிகளில் அடுக்கி, ரயிலில் ஏற்றிக்கொண்டு போவோம். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. பெயர், இனிஷியல், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் ஓட்டைகள்தாம். அதனால் எங்கள் அறைக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் 'ஓட்டை ஆபீஸ்'. எனக்கு 'ஓட்டை சார்'. "இன்னா சார், இன்னிக்கு எத்தினி ஓட்டை?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். மரியாதைக் குறைவாகச் சொன்னதில்லை. எங்கள் வேலை என்னவென்று அவர்களுக்குத் தெரிந்த அளவு அவ்வளவுதான்.

1974 ஆனியில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. உருட்டாலை வாரத்தில் பாதி நாள் நின்றது, ஆட்களைக் குறைக்கப் பார்த்தார்கள். அப்போதுதான் ஆள் சேர்ப்பும் நீக்கமும் பார்க்கும் பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். சென்னைக்காரர். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் மாலைவரை இருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"குடும்பத்துக்கு ஒருத்தர்ன்னு ரூல் இருக்கு. ரெண்டாவது ஆளா வந்தவங்களைக் கண்டுபிடிக்கணும். உங்க மெஷின் செய்யுமா?"

"எதை வெச்சு சார் கண்டுபிடிக்கறது?"

"தகப்பன் பேரு, ஊரு. ரெண்டும் ஒண்ணா இருந்தா அண்ணன் தம்பி. அதுல பின்னாடி சேர்ந்தவன் டூப்ளிகேட்."

மனிதர்களுக்கு அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அந்த யோசனையில் ஒரு பிழை இருந்தது, அதைச் சொன்னேன். ஆலைக்கு நிலம் கொடுத்த ஊரில் வீட்டுக்கு முதல் ஆண் பிள்ளைக்கு ஊர்த் தெய்வத்தின் பெயரைத்தான் வைப்பார்கள். ஊரில் பாதித் தகப்பன்களுக்கு ஒரே பெயர். ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவர்கள் அண்ணன் தம்பியாகக் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே வருவார்கள்.

அவர் யோசித்தார். "கரெக்ட். அப்ப நடுவுல ஒரு கேள்வி வையுங்க. ஜோடியா வர்றவங்களைக் கூப்பிட்டுக் கேட்போம். ரெண்டு பேருக்கும் ஒரே தகப்பன்தானா? இல்லைன்னு பெத்தவங்க வந்து சொல்லிட்டா, விட்டுடலாம்."

நியாயமாகத்தான் பட்டது. திரும்பி வந்து வரைபடம் போட்டேன். எங்கள் தொழிலில் புரோகிராம் எழுதுமுன் படம் போடுவது வழக்கம். செய்ய வேண்டிய வேலைக்குச் செவ்வகம். கேட்க வேண்டிய கேள்விக்குச் சாய்சதுரம், அதிலிருந்து இரண்டு அம்புகள். 'ஒரே தகப்பனா?' என்று சாய்சதுரத்துக்குள் எழுதினேன். 'ஆம்' என்ற அம்பு 'நீக்கு' என்ற செவ்வகத்துக்குப் போயிற்று. 'இல்லை' என்ற அம்பு 'விடு' என்ற செவ்வகத்துக்கு.

வெள்ளிக்கிழமை சென்னையில் ஓட்டினோம். எதிர்பார்த்தபடியே ஜோடி ஜோடியாக வந்தார்கள். மறுவாரம் ஆலைக் கேட்டில் ஒரே வேடிக்கை. ஒரே பெயருள்ள கிழவர்கள் தத்தம் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். கேட் வாட்ச்மேன் பெயரைக் கூப்பிட்டால் நான்கு பேர் ஒன்றாக "இன்னா?" என்பார்கள். ஒருவர், "நான் அவன் இல்ல சார். அவன் என்னாண்ட உழவு மாட்டக் கடன் வாங்கிக்கினு போய்த் திருப்பித் தராத ஆளு. அவன் புள்ள எனுக்கு இன்னாத்துக்கு?" என்றார். ஆபீசரே சிரித்துவிட்டார். ஜோடிகள் எல்லாம் பிரிந்தன. ஒன்றைத் தவிர.

அந்த ஒரு ஜோடியில் மூத்தவன் ஸ்டோரில் வேலை பார்த்தான். இளையவன் உலைப் பக்கம், சிவந்து வரும் கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் தள்ளுகிறவன். இருவருக்கும் தகப்பன் ஒருவர்தான். தாய் வேறு. மூத்தவனின் அம்மா தாலி கட்டியவர். இளையவனின் அம்மா பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்தவர், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நண்டு விற்பார். அந்தப் பெரியவர் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டார். ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அதுதான் அங்கே ஏற்பாடு. இளையவன் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து பெரியவரின் பெயரைத்தான் இனிஷியலாகப் போட்டுவந்தான். ஆலைக்கு நிலம் எழுதிக் கொடுத்தபோது இரண்டு பிள்ளைகளையும் அவரே கையைப் பிடித்துக் கொண்டுவந்து வேலையில் சேர்த்தார்.

இளையவன் என் அறைக்கு வந்தான். அந்தத் தையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி முழுகாமல் இருந்தாள். முன்கையில் கம்பி சுட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன.

"ஓட்டை சார், ஒண்ணு கேக்கறேன், மெய்யாலுமே சொல்லு. ஆமான்னு சொன்னா வேல பூடும். இல்லன்னு சொன்னா நிக்குமா?"

வரைபடத்தில் இருந்ததைச் சொன்னேன். "நிக்கும்."

"எங்கம்மாவும் வந்து சொல்லணுமா?"

"ஆமா."

வாசற்படியில் நின்று திரும்பினான். "எங்கம்மா ஸ்டேசன்ல ஒரு நண்டு வெலையக்கூடக் கொறச்சிச் சொல்லாது சார், இத்தப் போய் எப்டி சொல்லும்?" என்று சிரித்தான்.

மறுநாள் ஷிஃப்டு மாறும் வேளை. கேட்டை ஒட்டி வருகை பதியும் டைம் ஆபீஸின் ஜன்னலுக்கு வெளியே, உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் நின்றிருந்தார்கள். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது ஆபீசர்தான், சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று. அந்த அம்மாள் கூடையை வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார். பெரியவர் ஒரு பக்கம், மூத்தவன் அவருக்குப் பின்னால். இளையவன் தாயை ஒட்டி நின்றான்.

"இவர் இவனுக்குத் தகப்பனாரா, அம்மா?" என்று கேட்டார் ஆபீசர்.

அந்த அம்மாள் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்."

"கொஞ்சம் சத்தமா."

"இல்ல. இவரு இல்ல."

"அப்ப யாரு? தகப்பன் பேரு ஒண்ணு போடணுமே."

கூட்டத்திலிருந்து ஒருவன், "ஏரின்னு போடு சார்!" என்றான். இன்னொருவன், "கூடைய எறக்கி வெச்ச ஊட்ல எல்லாம் கேட்டுப்பாரு!" என்றான். சிரிப்பு. அந்த அம்மாளின் கைகள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தன. நண்டுக் கொடுக்கு கிழித்த கைகள்.

"நீங்க என்ன சொல்றீங்க, பெரியவரே?"

"அந்தம்மா சொல்றதுதான்," என்றார் அவர். இருபத்தைந்து வருடம் அவள் கையால் சாப்பிட்டவர், 'அந்தம்மா' என்றார்.

மூத்தவனைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவனாகவே சொன்னான்: "எனுக்குத் தம்பி கிம்பி யாரும் கெடியாது சார். எழுதிக்கோ."

கூட்டம் கலைந்தது. இளையவன் குனிந்து கூடையைத் தூக்கித் தாயின் தலையில் வைத்துவிட்டு உள்ளே ஷிஃப்டுக்குப் போனான்.

அன்று மாலை, அட்டைகளில் ஓட்டை போடும் பெண்மணி என்னிடம் கேட்டார்: "சார், இந்த ஆளுக்கு இனிஷியல் எடத்துல என்ன அடிக்கறது?"

"இருந்ததையே அடிங்க."

ஆபீசர் அங்கேதான் நின்றிருந்தார். "அது எப்படி? அத்தனை பேர் முன்னால இல்லைன்னு சொல்லியாச்சு. நாமே அதை அடிச்சா பொய்க் கணக்கு ஆயிடாதா? காலியா விடுங்க."

காலியாக விட்டார்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வட்டாரக் கோயில்களுக்குப் போய்க் கல்வெட்டு படிக்கிறவன். இருபது வருடப் பழக்கம். விளக்கெரிக்க ஆடு கொடுத்தவனும் சரி, ஏரி மதகுக்குக் கல் கொடுத்தவனும் சரி, கல்லில் 'இன்னான் மகன் இன்னான்' என்றுதான் நிற்கிறான். திருடிப் பிடிபட்டு அபராதம் கட்டியவனைக்கூட ஒரு கல்லில் அப்படித்தான் பொறித்திருக்கிறார்கள். தகப்பனை எடுத்துவிட்டு ஒருவனைப் பதிந்த கல்லை நான் இன்றுவரை பார்த்ததில்லை. எங்கள் அட்டைதான் முதல்.

அட்டையில் காலி என்ற சேதி எப்படியோ உலைப் பக்கம் போய்விட்டது. அன்றிலிருந்து அவன் பெயர் 'காலி'. "டேய் காலி, இங்க வா." "காலி நாஷ்டா துன்னுட்டானா?" "இன்னா காலி, உன் புள்ளைக்காவது இனிஷியல் கீதா, இல்ல அதுவும் ஏரியா?" முதல் இரண்டு நாள் அவன் இடுக்கியை ஓங்கினான் என்றார்கள். மேஸ்திரி கூப்பிட்டு, "வேலை நின்னுச்சில்ல? அப்பால இன்னா? பேஜார் பண்ணிக்கினு இருக்காத" என்றார். அதன்பிறகு கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான். வேலை நின்றதே, அது போதும் என்று பிடித்துக்கொண்டான்.

ஆடி பிறந்து இரண்டாவது செவ்வாய். சென்னைக்குப் புறப்படும் முன் ஆபீசர் ஒரு திருத்தம் சொன்னார்.

"அந்த 'இல்லை'ன்னு போறவங்க இருக்காங்களே, அவங்க நிலம் கொடுத்தவரோட பிள்ளை இல்லைன்னு தானே அர்த்தம்? பின்ன நிலத்துக்கான வேலை அவங்களுக்கு எப்படி வந்தது? அதையும் சரிபண்ணிடுங்க."

மற்ற ஜோடிகளில் இரண்டு தகப்பன்களும் நிலம் கொடுத்தவர்கள். ஆகவே இந்தத் திருத்தத்தில் விழக்கூடியவன் ஒருவன்தான். நான் படத்தை எடுத்துவைத்து 'இல்லை' அம்பை அவர் சொன்னபடி திருப்பிப் பார்த்தேன். நிலக்காரரின் பிள்ளை என்றால் இரண்டாவது ஆள், நீக்கு. பிள்ளை இல்லையென்றால் உரிமை இல்லை, நீக்கு. சாய்சதுரத்திலிருந்து கிளம்பிய இரண்டு அம்புகளும் ஒரே செவ்வகத்தில் போய்க் குத்தின. 'விடு' என்ற செவ்வகத்துக்கு எந்த அம்பும் வரவில்லை. தாளின் ஓரத்தில் தனியாக நின்றது.

படத்தை அவர் மேஜையில் வைத்தேன்.

"சார், ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான் போகுது."

"ஆமா."

"அப்ப அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே வேண்டாமே. அந்த அம்மாவைக் கூப்பிட்டு நிக்கவெச்சு…"

அவர் என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். "கேக்காம அனுப்பினா கோர்ட்டுக்குப் போவாங்க. கேட்டுட்டு அனுப்பினா, கேட்டோம்னு இருக்கும். கேள்வி அவங்களுக்காக இல்லை, நமக்காக."

"நான் இதை எழுத மாட்டேன் சார். நிக்கும்னு அவன்கிட்ட நான் சொல்லியிருக்கேன்."

"நீங்க சொன்னது அப்ப இருந்த புரோகிராமுக்கு. அது சரிதான். தப்பா ஒண்ணும் சொல்லலை." கோபமே இல்லை. காப்பி வரவழைத்துக் கொடுத்தார். நான் குடித்து முடித்த பிறகு, ஸ்டோர் சரக்குக் கணக்கு புரோகிராம் ரொம்ப நாளாகக் கிடக்கிறதே, அதை நான் பார்க்கட்டும் என்றார். அன்றிலிருந்து எனக்கு போல்ட்டும் நட்டும்.

என் சக புரோகிராமர் அந்தத் திருத்தத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் மூன்று தங்கைகள். என் படத்தை வாங்கிப் பார்த்தவர் பென்சிலால் சாய்சதுரத்தை அடித்தார். "ரெண்டு அம்பும் ஒரே எடத்துக்குப் போகுதுன்னா நடுவுல கேள்வி எதுக்கு சார்? மெஷினுக்கு வீண் வேலை." தொழில் முறைப்படி அவர் செய்தது முற்றிலும் சரி. நானே என்றாலும் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். கேள்வி புரோகிராமிலிருந்து போய்விட்டது. அது கேட்கப்பட்ட இடத்தில் மட்டும் இருந்தது.

நீக்கப்படுகிறவர்களின் பெயர்கள் வெள்ளிக்கிழமை அச்சாகி வந்தன. வருகை குறைந்தவர்கள், தற்காலிக ஆட்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே தாளாக, இனிஷியல் வரிசையில். சனிக்கிழமை காலை கேட்டில் ஒட்டினார்கள். முதல் வரியில் அவன். மற்றவர்களுக்கெல்லாம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. அவனுக்கு மட்டும் வெள்ளை.

"பார்ரா! நம்ம காலி மொத ரேங்க்கு!" என்று ஒருவன் கத்தினான்.

சங்கத்துத் தலைவரை அவன் போய்ப் பார்த்தான். தலைவர் தாளை மேலும் கீழும் படித்துவிட்டு, "மேனேஜர் போட்டிருந்தா சட்டையப் புடிச்சிருப்பேன் நைனா. இத்த மெஷினு போட்டுக்கீது. மெஷினுக்கு ஏது சட்ட?" என்றாராம். ஜோக்காகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் பட்டது.

கடைசியில் என்னிடம் வந்தான். நான் ஸ்டோரில் நட்டு வகைகளுக்குக் குறியீட்டு எண் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் அண்ணன் நாலடி தள்ளி நின்று பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவே இல்லை.

"சார், அன்னிக்கு நான் ஆமான்னு சொல்லியிருந்தா?"

"அப்பவும் போயிருக்கும்."

"இல்லன்னாலும் பூடும், ஆமான்னாலும் பூடும்."

"ஆமா."

"அப்ப எங்கம்மாவ இன்னாத்துக்கு சார் அங்க நிக்க வெச்சாங்கோ?"

ஆபீசர் எனக்குச் சொன்ன பதில் என் நாக்கில் இருந்தது. நான் அடுத்த நட்டுக்கு எண் போட்டேன். அவன் அதைப் பார்த்துவிட்டுப் போனான். கொஞ்ச நாளில் எண்ணூர்ப் பக்கம் கரி இறக்கும் வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது.

அடுத்த தை மாதம், ஒரு ஞாயிறு காலை, பெரியவர் இறந்துபோனார். மூத்தவன் எங்கள் ஸ்டோர் ஆள் என்பதால் ஆலையிலிருந்து சிலர் மாலை வாங்கிக்கொண்டு போனோம். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. பந்தலுக்கு வெளியே, தெருவில், இளையவன் வேட்டியோடு நின்றிருந்தான். கையில் வாய்க்கரிசிக்கு ஒரு பிடி அரிசி. உள்ளே வர அடி எடுத்து வைத்தபோது மூத்தவன் எழுந்து வந்தான்.

"எங்க வர்ற?"

"ஒரு தபா மூஞ்சப் பாத்துட்டுப் போய்ர்றேண்ணா."

"யாருக்கு யார்ரா அண்ணன்? உங்கம்மா கேட்டாண்ட நின்னு சொன்னத ஊரே கேட்டுக்கினு நின்னுச்சு. அதுவே சொல்லிச்சி, நான் சொல்லல. வேலைக்கு மட்டும் 'இல்ல', சாவுக்கு மட்டும் 'ஆமா'வா?"

பந்தலில் இருந்த யாரும் எழவில்லை. மாலை கொண்டுபோன நாங்களும்தான். மேளக்காரன் ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி அடித்தான். இளையவன் கையைத் திறந்து பார்த்தான். அரிசியைத் தெருவில் போட மனமில்லாமல் மடியில் கட்டிக்கொண்டு நடந்தான்.

எனக்குப் பொன்னேரி ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷனுக்கு வந்தேன். அந்த அம்மாள் வழக்கமான இடத்தில் நண்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. அழிக்க அவருக்கு உரிமை இல்லை. யாரோ விலையைக் குறைத்துக் கேட்டார்கள். முடியாது என்றார்.

ஸ்டேஷனுக்கு எதிரே புதிதாக ஒரு சலூன் வந்திருந்தது. ஆந்திர எல்லையில் உள்ள தடாவிலிருந்து வந்த ஆள். வாசல் பெஞ்சில் நாளிதழ் கிடக்கும், ரயில் வரும்வரை படிக்கலாம். நான் படித்துக்கொண்டிருந்தபோது இளையவன் வந்தான். என்னைப் பார்த்தான், பார்க்காதவன் மாதிரி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மொட்ட போடு."

"இன்னா நைனா, திருப்பதியா?" என்றார் சலூன்காரர் குஷியாக.

"இல்ல."

"அப்ப ஊட்ல எதுனா சாவா?"

"யாரும் சாவல. சும்மா போடு." பிறகு விரலை மீசைமேல் வைத்துக் காட்டினான். "இத்தயும் எடு."

மீசையையும் எடுக்கச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எந்த ஊர் சலூன்காரருக்கும் தெரியும். தடாக்காரர் ரேடியோவை அணைத்தார். துணியை உதறிக் கழுத்தில் கட்டினார். முடி வெட்டும் மெஷினை ஒரு கையிலும் சவரக்கத்தியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"மெஷின் போடட்டா, கத்தியா?"

"மெஷின் வாணாம்," என்றான்.